காற்றோடு பெயரும் வீடுகள்

திருகோணமலைக்கு வருவோர் வழக்கமாகப் பார்க்கும் இடங்கள் மூன்று. கோணேசர் கோயிலில் ஒரு பூசை, கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளில் ஒரு குளிப்பு, துறைமுகத்தின் மீது ஒரு பார்வை. இவ்வளவில் யாத்திரையை முடித்துக்கொண்டு இரவு இரயிலில் ஏறிவிடுவர். நானும் பல முறை அப்படித் திரும்பியவன்தான். சென்ற புரட்டாசிக் கடைசியில் போனபோதும் அப்படியே திரும்பியிருப்பேன், என் மருமகள் ஒரு கேள்வி கேட்டிராவிட்டால்.

அக்காவின் வீடு லிங்கநகரில் இருக்கிறது. துறைமுகத்தை அண்டிய குடியிருப்பு அது. விடியற்காலையில் முற்றத்தில் நின்றால் கப்பலின் ஊதல் ஒலி காதில் விழும். திருகோணமலையின் உள்துறைமுகம் குன்றுகளாலும் நிலமுனைகளாலும் நாற்புறமும் அணைக்கப்பட்டது. கடல் என்று யாரும் சொல்லாவிட்டால், பெரியதொரு குளம் என்றே புதியவர் நம்பிவிடக்கூடும். காற்றுக்கு அஞ்சிய கலங்கள் ஒதுங்க இதனினும் நல்ல இடம் கீழ்த்திசையில் அரிது என்று கண்டுதான் போர்த்துக்கீசரும் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஒருவர்பின் ஒருவராக வந்து இதற்காகச் சண்டையிட்டனர். ஆங்கிலேயர் தம் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் கையளித்துச் சென்றது 1957 இல். காற்றிலிருந்து தப்பி ஒதுங்குவதற்கென்றே உலகப் புகழ்பெற்ற ஊரில், காற்றோடு கூடவே பெயர்ந்து செல்லும் வீடுகளைப் பற்றி எழுத நேர்ந்ததை எண்ணினால் எனக்கே வியப்பாயிருக்கிறது.

மருமகள் ஆறாம் வகுப்பில் படிக்கிறாள். "உலக மக்களின் வீடுகள்" என்று ஒரு படத்தட்டுத் தயாரித்து வரும்படி பாடசாலையில் பணித்திருந்தார்கள். பனிக்கட்டி வீடு, மூங்கில் வீடு, மண்குடிசை எல்லாம் ஒட்டி முடித்து, கடைசியில் இரண்டு கூடாரப் படங்களைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். ஒன்று வெள்ளையாய், வட்டமாய், கவிழ்த்த கிண்ணம் போலிருந்தது, மங்கோலியருடையது. மற்றொன்று கறுப்பாய், கயிறுகளை எட்டுத் திக்கும் நீட்டிக்கொண்டு, பெரியதொரு சிலந்தி போலிருந்தது, திபெத்தியருடையது.

"மாமா, வீட்டைத் தூக்கிக்கொண்டு திரிகிறவர்கள் ஏழைகளோ?"

குழந்தைகளின் கேள்விக்கு உடனே மறுமொழி சொல்வது பெரியவர்களின் கெட்ட பழக்கம். நானும் சொல்லத் தொடங்கினேன்.

மங்கோலியர் தம் வீட்டைக் 'கெர்' என்பர். 'யூர்ட்' என்ற பெயரே வெளியுலகில் பரவியுள்ளது. அதன் சுவர், மெல்லிய மரச்சட்டங்களைக் குறுக்கு மறுக்காக வைத்துத் தோல்வாரால் முடிந்த தட்டி. இழுத்தால் விரியும், தள்ளினால் சுருங்கி ஒரு கட்டாகிவிடும். இத்தகைய தட்டிகள் நாலைந்தை வட்டமாக நிறுத்தி, நடுவே உயரத்தில் ஒரு மர வளையத்தைத் தாங்கி, வளையத்துக்கும் சுவருக்குமிடையே குடைக்கம்பிகளைப் போலக் கழிகளைச் செருகுவர். மேலே போர்ப்பது செம்மறியாட்டு மயிராலான தடித்த கம்பளம். அது தறியில் நெய்ததன்று. மயிரை அடித்து, நனைத்து, சுருட்டி, குதிரை பூட்டி இழுத்து உருட்டி இறுக்கியது. பழகிய குடும்பமொன்று ஒன்றிரண்டு மணி நேரத்தில் வீட்டை எழுப்பிவிடும். பிரிப்பதற்கு அதுவும் வேண்டியதில்லை. வாசல் தெற்கு நோக்கியே இருக்கும். வடபுலத்துக் குளிர்காற்று வீட்டின் முதுகில் மோதிப் போகும். உச்சி வளையத்தின் வழியே விழும் வெயில் உள்ளே ஒவ்வோரிடமாக நகர்வதைப் பார்த்துப் பொழுதறிவர். கடிகாரத்துக்குள்ளேயே குடியிருப்பது போன்ற வாழ்க்கை! இவ்வீட்டைக் கட்டும் கைத்திறனை 2013 இல் மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது.

மங்கோலியரின் தலைநகரமே ஒரு காலத்தில் இடம் பெயர்ந்துகொண்டிருந்தது. இன்றைய உலான்பாத்தர் 1639 இல் ஒரு கூடார மடமாகத் தொடங்கியது. இருபதுக்கு மேற்பட்ட தடவை மூட்டை கட்டி அலைந்து, 1778 இல்தான் இப்போதுள்ள ஆற்றங்கரையில் நிலைத்தது. "நகர்ந்தபடியால்தான் நகரமோ?" என்று கேட்டுவிட்டு மருமகள் தானே சிரித்துக்கொண்டாள். லிங்கநகரில் பிறந்த பிள்ளைக்கு அப்படிக் கேட்க உரிமையுண்டு.

திபெத்தின் மேட்டுநிலத்து இடையருடைய கறுப்புக் கூடாரம் வேறு வகை. அது 'யாக்' என்னும் எருதின் மயிரால் நெய்தது. நம் பழைய நூல்களில் வரும் கவரிமா இதுவே என்பாரும் உளர், மறுப்பாரும் உளர். அந்த வழக்கில் நான் தலையிடவில்லை. யாக்கின் வயிற்றுப் பக்கத்து நீண்ட மயிரை முறுக்கி நூலாக்கி, ஒடுங்கிய பட்டைகளாக நெய்து, ஒன்றோடொன்று தைத்துக் கூரையாக்குவர். நெய்வு இறுக்கமில்லாதது, உள்ளே மூட்டிய சாண நெருப்பின் புகை இழைகளினூடே கசிந்து வெளியேறிவிடும். மழை பெய்தாலோ மயிர் ஊறிப் பருத்து, இடைவெளிகள் தாமே அடைபட்டுவிடும். தேய்ந்த பட்டையைப் பிரித்தெடுத்துப் புதிய பட்டையைத் தைத்துச் சேர்த்துக்கொண்டே வருவதால், அக்கூடாரம் முழுவதும் பழையதாவதுமில்லை, முழுவதும் புதியதாவதுமில்லை. இந்தியாவின் லடாக்கில், 4,000 மீற்றருக்கு மேற்பட்ட சாங்தாங் மேட்டில், பஷ்மினா ஆடுகளை மேய்க்கும் சாங்பா மக்களும் 'ரெபோ' என்ற பெயரில் இத்தகைய கூடாரத்தையே வைத்திருந்தனர். இப்போது அங்கும் படங்குத் துணி புகுந்துவிட்டது.

"அப்போ, அவர்கள் ஏழைகள் இல்லையோ?"

செங்கிஸ்கானும் அவன் வழிவந்த பேரரசரும் கூடாரவாசிகளே என்றேன். 1253 இல் மங்கோலியரிடம் புறப்பட்டுச் சென்ற வில்லியம் றுப்ரக் என்ற பாதிரியார், 22 எருதுகள் பூட்டிய ஒரே வண்டியின்மேல் ஒரு வீடு முழுதாகப் போவதைக் கண்டு எழுதியிருக்கிறார் என்றும் சொன்னேன். மருமகள் தலையசைத்தாள், ஆனால் முகம் தெளியவில்லை. "அதெல்லாம் எங்கேயோ தூரத்தில்" என்றாள்.

மூலையில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த அத்தான் தலை நிமிர்ந்தார். "தூரத்துக்கு ஏன் போவான்? இறக்கக்கண்டிக்கு அப்பால் வாடிகள் இன்னும் பிரிக்கவில்லையாம். நாளைக்குச் சனிதானே, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டு" என்றார்.

மறுநாட் காலை ஓட்டோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு வடக்கே புறப்பட்டோம். உப்புவெளி, சாம்பல்தீவு, பனைகள், ஓர் உப்பளம், நிலாவெளி. வலப்புறத்தில் புறாத்தீவு கடலில் மிதப்பது போலத் தோன்றி மறைந்தது. சுற்றுலா விடுதிகளின் வேலிகள் முடியும் இடத்தில் இறக்கக்கண்டிப் பாலம். அதைத் தாண்டிச் சிறிது தூரம் போய், வீதியை விட்டுக் கிழக்கே மணலில் நடந்தோம்.

வாடி என்பது தமிழில் பழகிய சொல்லே. மரம் விற்குமிடம் மரவாடி, விறகு விற்குமிடம் விறகுவாடி. ஆனால் இலங்கையின் கடற்கரையில் வெறுமனே வாடி என்றால் அது மீனவர் தங்கும் ஓலைக்கொட்டில்தான். அதன் கதையைச் சொல்ல வேண்டுமானால் காற்றின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

இலங்கைக் கடலைக் காற்றிரண்டு ஆள்கின்றன. வைகாசியிலிருந்து புரட்டாசி வரை தென்மேற்கிலிருந்து வீசுவது ஒன்று. யாழ்ப்பாணத்தார் சோளகம் என்பர். கிழக்குக் கரையில் கச்சான் என்ற பெயர் கேட்கலாம். அது வீசும் காலத்தில் நீர்கொழும்பு, சிலாபம், கற்பிட்டிப் பக்கத்து மேற்குக் கடல் கொந்தளிக்கும். மலைநாட்டைக் கடந்து வந்த வறண்ட காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கிழக்குக் கடல் அப்போது அடங்கிக் கிடக்கும். ஐப்பசி கடந்து வாடைக்காற்று எழுந்ததும் நிலைமை மாறிவிடும். கிழக்குக் கடல் சீறும், மேற்குக் கடல் அமைதியுறும். ஆகவே மேற்குக் கரை மீனவர் பலர், தம்மூர்க் கடல் கெடும்போது வள்ளமும் வலையும் குடும்பமுமாகக் கிழக்குக்கு வந்து, வாடை எழுமுன் திரும்பிவிடுவர். மங்கோலியன் புல்லைத் தேடிப் போகிறான். இவர்கள் அமைதியான கடலைத் தேடி வருகிறார்கள். இரண்டுக்கும் நாட்காட்டி ஆகாயத்தில்தான் இருக்கிறது.

நாங்கள் போன கரையில் ஆறேழு வாடிகள் நின்றன. சிலாபப் பக்கத்திலிருந்து வந்த முதியவர் ஒருவர் வலை பொத்திக்கொண்டிருந்தார். "வாங்க தம்பி, பிள்ளையை நிழல்ல இருத்துங்க" என்று சொல்லி, கவிழ்த்து வைத்த மீன்பெட்டி ஒன்றைத் தட்டி எங்களுக்கு ஆசனமாக்கினார். விஷயத்தைச் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்கட வாடியையா பள்ளிக்கூடத்துக்கு எழுதப் போறீங்க?" என்றார். ஆனாலும் எழுந்து நின்று, சொந்த வீட்டைக் காட்டும் பெருமையோடு ஒவ்வொன்றாகக் காட்டினார்.

கவருள்ள காட்டுத்தடிகளை மணலில் ஆழப் புதைத்திருந்தார்கள். கப்பு என்று அவற்றுக்குப் பெயர். நடு வரிசைக் கப்புகள் உயர்ந்தவை. அவற்றின் கவரில் நீண்ட முகட்டுவளை படுத்திருந்தது. அதிலிருந்து இருபுறமும் கைமரங்கள் சரிந்து, ஏறத்தாழ மணலைத் தொட்டன. அவற்றின்மேல் வரிச்சுகள், வரிச்சின்மேல் கிடுகு. தென்னோலையை நீரில் ஊறவைத்து, பதமான பின் பின்னி எடுத்த கிடுகு. எல்லாக் கட்டும் தென்னங்கயிற்றுக் கட்டே. ஓர் ஆணியைக்கூட நான் காணவில்லை. மருமகள் காண வேண்டுமென்றே தேடினாள், அவளுக்கும் அகப்படவில்லை.

"கூரை ஏன் இப்படித் தாழ்வு?" என்று கேட்டேன்.

"உயர்ந்தா காத்து பிடிச்சிரும் தம்பி. தாழ்ந்தா மேலால போயிரும்."

"வாசல் ஏன் கடலைப் பார்க்கிறது? வீதி அந்தப் பக்கமல்லவா?"

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். வீதியில் வாழ்பவன் கேட்கும் கேள்வி என்று எண்ணினார் போலும். "நாங்க இருக்கிற காலமெல்லாம் கச்சான்தானே. அது முதுகுக்குப் பின்னால. வாசல் அந்தப் பக்கம் இருந்தா சோத்துல மண்ணுதான்" என்றார்.

என் மருமகள் சட்டென்று என் கையைப் பற்றினாள். முந்திய இரவு சொன்ன தெற்கு வாசல் அவளுக்கு நினைவு வந்துவிட்டது. மங்கோலிய மேய்ச்சல் நிலத்துக் கிழவியும் இறக்கக்கண்டிக் கரையில் நிற்கும் இந்த முதியவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. காற்றுக்கு முதுகைக் காட்டி வாசல் வைக்க வேண்டுமென்று இருவரும் அறிந்திருக்கிறார்கள்.

உள்ளே குனிந்து போனால் இருள் குளிர்ச்சியாயிருந்தது. வெளியே மணல் காலைச் சுட்டது. உள்ளே கிடுகின் இடுக்கில் காற்று மெல்ல வந்து போயிற்று. ஒருபுறம் அடுப்பு, ஒருபுறம் பாய், முகட்டிலிருந்து தொங்கும் உறி, நடுக்கப்பில் அந்தோனியார் படம். படத்துக்கு முன்னே மெழுகுவர்த்தி எரிந்து வழிந்த சுவடு. அரிசியும் உப்பும் எங்கே, மழைச் சட்டை எங்கே என்று விளக்கில்லாமலே எடுக்கலாம் போன்ற ஒழுங்கு. இடம் சிறிதாகும்போது ஒழுங்கு பெரிதாகிறது.

வாடி கட்டுவதற்கு வேண்டிய தடிகளை ஆண்டுதோறும் சிலாபத்திலிருந்து கொண்டுவருவதில்லை. வீதிக்கு அப்பால் ஒரு முஸ்லிம் வீட்டார் அவற்றைத் தம் வளவில் அடுக்கி வைத்துக் காப்பார்களாம். முதியவரின் தகப்பனார் காலத்திலிருந்து வரும் ஏற்பாடு அது. போர் மூண்ட பின் பல ஆண்டுகள் இவர்கள் இப்பக்கம் வரவில்லை. 2009 இல் போர் முடிந்த பிறகு, தயங்கித் தயங்கி வந்து அந்த வீட்டுக் கதவைத் தட்டினார்களாம். தடிகளைக் கறையான் தின்றிருந்தது. "முகட்டுவளை மட்டும் கிடந்தது. அதை அவங்க மாட்டுக் கொட்டிலுக்குள்ள ஏத்தி வைச்சிருந்தாங்க" என்றார் முதியவர். அந்த வளைதான் இப்போதும் கூரையில் இருக்கிறது. புகையேறிக் கறுத்து, எண்ணெய் தடவியது போல் மின்னியது.

எல்லாம் இவ்வளவு இனிமையாகவே நடக்கிறது என்று எழுதினால் பொய்யாகும். கரைவலை இழுக்கும் இடத்துக்குப் பாடு என்று பெயர். எந்தப் பாடு யாருக்கு என்பதில் உள்ளூர்த் தொழிலாளருக்கும் வந்து தொழில் செய்வோருக்கும் பிணக்குண்டு. போரினாலும் இடப்பெயர்வினாலும் பல ஆண்டுகள் தம் கடலையே இழந்திருந்த உள்ளூரார், பருவத்துக்கு வருவோரை ஐயத்தோடு பார்ப்பதைக் குறை சொல்ல முடியாது. நிலையாக இருப்பவனுக்கு உறுதிப் பத்திரம் உண்டு. பருவத்துக்கு வருபவனுக்கு வழக்கம் ஒன்றே பத்திரம். மங்கோலியாவிலும் திபெத்திலும் மேய்ச்சல் நில வழக்குகளுக்கெல்லாம் அடி இதுதான்.

அன்று மாலை கோணேசர் கோயிலுக்குப் போனோம். பூசை முடிந்து மலைமேல் நின்று தெற்கே பார்த்தால், அகன்ற கொட்டியாரக்குடாவும் அதற்கப்பால் மூதூர்க் கரையும் தெரியும். மருமகளுக்கு அங்கே இன்னொரு கூடாரத்தின் கதையைச் சொன்னேன்.

1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் அடித்த புயலில் பாய்மரம் இழந்த 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல், பழுது பார்ப்பதற்காக இந்தக் குடாவுக்கு வந்தது. கப்பற்றலைவரும் அவர் மகன் றொபேட் நொக்ஸும் வேறு சிலரும் 1660 இல் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் அகப்பட்டனர். தந்தை சிறையிருப்பிலேயே இறந்தார். மகன் 19 ஆண்டுகள் மலைநாட்டில் வாழ்ந்து, 1679 இல் தப்பியோடி, 1681 இல் இலண்டனில் இலங்கையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டான். அதில் தாளிப்பனையைப் பற்றி அவன் எழுதியிருப்பது படித்தவர் மறக்கக் கூடியதன்று. குடைப்பனை என்றும் இதனைச் சொல்வர். ஓரோலையே பதினைந்து இருபது பேரை மழையிலிருந்து காக்கும் என்கிறான். காய்ந்த பின்னும் உறுதியாயும் வளைவதாயும் இருக்கும். விசிறி போல மடித்துக் கையில் கொண்டுபோகலாம். வழிச் செல்வோர் ஓலையை முக்கோணத் துண்டுகளாக வெட்டி, கூரிய முனை முன்னே வரும்படி தலையில் வைத்துக்கொள்வர். புதர்களை அது விலக்கிக்கொண்டு போகும். போர்வீரர் அனைவரும் ஓலை கொண்டே செல்வர். பகலில் அது குடை, இரவில் அதுவே கூடாரம். படங்கு சுமக்க வண்டியும் எருதும் வேண்டாத படை!

தாளிப்பனை வாழ்நாளில் ஒரே முறை பூக்கும். 30 ஆண்டுகளுக்கு மேல், சில மரங்கள் 80 ஆண்டுகள்கூட, காத்திருந்து உச்சியில் மாபெரும் பூங்கொத்து ஒன்றை எழுப்பி, காய்த்து, பின் பட்டுப்போகும். அதன் ஓலையில் சுவடி எழுதினார்கள், குடை செய்தார்கள், கூரை வேய்ந்தார்கள்.

அந்த ஓலைக் கூடாரத்தைக் கடைசி வரை கைவிடாமல் வைத்திருந்தவர், பாம்பாட்டியும் குரங்காட்டியும் கைரேகை பார்த்தும் நாடு முழுதும் சுற்றிய குறவர். தெலுங்கு மொழியின் ஒரு வகையைத் தமக்குள் பேசுவோர். சிங்களத்தில் அகிகுண்டிகர் என்பர். வடமொழியில் அகி என்றால் பாம்பு. என் சிறுவயதில் குளக்கரை ஒன்றில் அவர்கள் வந்திறங்கியதைப் பார்த்திருக்கிறேன். கழுதைகளின் முதுகிலிருந்து ஓலைச் சுருள்கள் இறங்கின. வளைத்து நட்ட கம்புகளின்மேல் அவற்றை விரித்ததும், அரை வட்டக் கூண்டுகளாக ஓர் ஊரே எழுந்துவிட்டது. பள்ளி விட்டு வரும்போது இல்லாத ஊர், விளக்கு வைக்கும் நேரத்தில் சமைத்துக்கொண்டிருந்தது. சில நாளில் மறுபடி வெறுங் கரை. அடுப்புக் கற்களும் கழுதைச் சாணமும் கிடந்தன. எங்களூர்ப் பெரியவர்கள், அவர்கள் போனதும் கோழிகளை எண்ணிப் பார்த்தார்கள். குறைந்ததாக எனக்கு நினைவில்லை.

இப்போது அவர்களிற் பெரும்பாலோர் நிலைக்குடியாகிவிட்டனர். கிழக்கில் அக்கரைப்பற்றை அடுத்த அளிக்கம்பையிலும், வடமத்தியில் தம்புத்தேகமைப் பக்கத்திலும் அவர்களுக்குக் கல்வீடுகள் உண்டு. பிள்ளைகள் பாடசாலை செல்கிறார்கள். அது நல்லதே. விலாசம் இல்லாதவனுக்குப் பிறப்புப் பதிவும் வாக்காளர் இடாப்பும் எட்டாத பொருள்களாயிருந்தன. ஆனால் ஓலையைச் சுருட்டிக் கழுதைமேல் ஏற்றும் கைப்பழக்கம் ஒரு தலைமுறையோடு போய்விடும்.

இரவு உணவின்போது பகல் முழுதும் கண்டதையெல்லாம் உற்சாகமாக விவரித்தேன். கூடார வாழ்க்கையின் அழகைப் பற்றிச் சற்று அதிகமாகவே பேசிவிட்டேன் என்று நினைக்கிறேன். அக்கா சோறு பரிமாறிக்கொண்டே, "நீ கூடாரத்தில் இருந்து பார்த்தனியோ, தம்பி?" என்று கேட்டாள்.

நான் வாயடைத்துப் போனேன். 2004 டிசெம்பர் 26 ஆந் தேதி கடல் பொங்கியபோது, புதிதாக மணமான அக்காவும் அத்தானும் உப்புவெளிக் கரையருகே குடியிருந்தார்கள். உயிர் தப்பியது, வீடு போயிற்று. அதன்பின் பல மாதங்கள் வெள்ளைக் கூடாரமொன்றில் இருந்தார்கள். நான் ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு அன்றே திரும்பியவன்.

"நல்ல மனதோடு தந்ததுதான். மழைக்கு ஒழுகவில்லை. ஆனால் சித்திரை வந்த உடனே உள்ளே இருக்க ஏலாது. சோறு அவிகிற மாதிரி நாங்களும் அவிந்தோம். புகை போக வழியில்லை, அடுப்பை வெளியே வைத்தோம். வரிசை வரிசையாக அடித்து வைத்திருந்தார்கள். வாசல் எந்தப் பக்கம் இருக்க வேணும் என்று எங்களை ஒருவரும் கேட்கவில்லை. கச்சான் தொடங்கினால் நேரே உள்ளே. பிறகு அத்தான் பக்கத்தில் நாலு தடி நட்டு ஒரு கிடுகுக் கொட்டில் போட்டார். பகலில் அதற்குள்தான் இருந்தோம். அந்தக் கொட்டில் இல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும்."

அத்தான் ஒன்றும் பேசவில்லை. இந்த மாவட்டத்தில் தறப்பாளின் கீழே நாட்களைக் கழித்தவர் அவர்கள் மட்டுமல்லர். 1990 இலும் 2006 இலும் போரினால் ஓடியவர் எத்தனையோ பேர். சில குடும்பங்களுக்குப் போரும் கடலும் மாறி மாறி அந்த வாழ்வைத் தந்தன. மங்கோலியனின் கம்பளத்தையும் திபெத்தியனின் கறுப்புத் துணியையும் சிலாபத்து முதியவரின் கிடுகையும் நான் ஒரே கயிற்றில் கட்டிவிட்டேன். அக்கயிற்றில் இந்த வெள்ளைக் கூடாரத்தைக் கட்ட முடியவில்லை. புறப்படும் நாளும் போய்ச்சேரும் இடமும் தெரிந்தவன் கட்டும் கூடாரம் வீடு. எங்கே போவதென்று தெரியாதவனுக்கு வழங்கப்பட்ட கூடாரம் காத்திருக்கும் இடம்.

மருமகள் தட்டில் கை வைத்தபடி தாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதெல்லாம் அவள் பிறப்பதற்கு முந்திய கதை. அன்றுதான் முதன்முறை கேட்கிறாள் என்று பிறகு அக்கா சொன்னாள்.

வாடியைத் திங்கட்கிழமை பிரிப்பதாக முதியவர் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை நாளாகையால் வேலையில்லை. பயணத்தை ஒரு நாள் ஒத்திவைத்தேன். மருமகளுக்குப் பாடசாலை. "எவ்வளவு நேரம் செல்லுது என்று மணிக்கூடு பார்த்துக்கொண்டு வாங்கோ மாமா. படத்தட்டில் எழுத வேணும்" என்று கட்டளையிட்டு அனுப்பினாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது காலை ஏழு மணி. அந்தோனியார் படத்தை முதியவரின் மனைவி துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்த பிறகே கயிற்றில் கை வைத்தார்கள். மேற்கிடுகுகள் முதலில் இறங்கின. நல்லவை ஒருபுறம், உக்கியவை அடுப்புக்கு ஒருபுறம். வரிச்சு, கைமரம், ஓரத்துக் கப்புகள். இளைஞர் நால்வர் பேசிச் சிரித்துக்கொண்டே வேலை செய்தனர். கயிற்றை ஒருவரும் அறுக்கவில்லை. ஒவ்வொரு முடிச்சையும் அவிழ்த்துச் சுருட்டினார்கள். கடைசியாக முகட்டுவளை இறங்கியது. அதற்கு மட்டும் முதியவர் தாமே தோள் கொடுத்தார்.

"மருமகள் உங்களுக்குக் கடிதம் எழுத வேண்டுமாம். விலாசம் கேட்கிறாள்" என்றேன்.

"இங்க போட்டா வைகாசிக்குப் பிறகு கிடைக்கும். அங்க போட்டா உடனே கிடைக்கும். ரெண்டும் எழுதிக்கொள்ளுங்க" என்று இரண்டு விலாசமும் சொன்னார்.

வளையைச் சுமந்துகொண்டு வீதியைக் கடந்தோம். நானும் ஒரு முனையைப் பிடித்தேன் என்று பெருமைக்குச் சொல்லிக்கொள்ளலாம். அந்த வீட்டு அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு வந்து, தடிகள் வந்து அடுக்கப்படும்போது விரலை மடக்கி எண்ணினார். பதினாறு கப்பு, ஒரு வளை. "சரி" என்றார். பிறகு எல்லாருக்கும் தேநீர் வந்தது.

ஒரு மணி நாற்பது நிமிடம். தேநீரைக் கணக்கில் சேர்க்கவில்லை.